கூரை பார்த்துச் சொல்லும் வேலை: நம் பிள்ளைகள் ஏற்கலாமா?





சென்ற மழைக்காலம் முடிந்த கையோடு நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு தம்பி வந்தார். சிவில் டிப்ளமோ படித்தவர். வளைகுடாவில் கட்டட வேலைகளின் தரம் பார்க்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். இப்போது வீடு வாங்குகிறவர்களுக்கும், ஊரில் வீடு கட்டிக்கொண்டு சபரில் இருப்பவர்களுக்கும் வீட்டைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லிக் கூலி வாங்குகிறார். அவருக்குக் கூரை ஷீட் விற்கும் ஒருவர் கூடுதலாக ஒரு வேலை கொடுத்திருக்கிறார். வாரண்டி கேட்கிற வீடுகளுக்குப் போய்க் கூரையைப் பார்த்து, படம் எடுத்து, ஒரு படிவத்தை நிரப்பித் தர வேண்டும். வீட்டுக்கு இவ்வளவு என்று காசு. முதல் இரண்டு வீடுகள் நல்லபடியாகப் போயின. மூன்றாவது வீட்டுக்குக் கிளம்பும்போது போன் வந்திருக்கிறது: "தம்பி, இதை வீட்டுக்காரங்க தப்புன்னே எழுதிடுங்க. அடுத்தடுத்து வேலை தர்றோம்."

"இந்த வேலையை வச்சுக்கலாமா, விட்டுடலாமா காக்கா?" என்று எங்களிடம் கேட்டார்.

அதே மாதத்தில் ஓர் உம்மாவும் வந்தார். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் மொட்டை மாடியில் ஷெட் போட்டவர். நான்காம் ஆண்டிலேயே துரு இறங்கி ஒழுகுகிறது. கடையிலிருந்து ஆள் வந்து பார்த்தார். என்ன எழுதிக்கொண்டு போனார் என்று உம்மாவுக்குத் தெரியாது. "வாரண்டி வராது" என்று ஒரு வரி மட்டும் போனில் சொன்னார்கள்.

இந்த இரண்டு கேள்விகளும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். பார்க்கப் போகிறவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் வீட்டிலிருப்பவருக்கு நியாயம் கிடைக்கிறது. எனவே இரண்டு தரப்புக்கும் பயன்படும்படி இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

இது என்ன வேலை?

அமெரிக்காவில் வீட்டு ஆய்வு தனித் தொழில். வீடு வாங்குகிறவர் தன் காசில் ஓர் ஆய்வாளரை அழைத்து, கூரை முதல் அஸ்திவாரம் வரை பார்க்கச் சொல்வார். அங்குள்ள வீடுகள் பலவற்றில் கூரை என்பது தார் பூசிய, மேலே கல்துகள் ஒட்டிய 'ஷிங்கிள்' எனும் வில்லைகள். இவற்றுக்கு 20, 30 ஆண்டு என்று நீண்ட வாரண்டி தருகிறார்கள். வில்லை சுருண்டாலோ, கல்துகள் உதிர்ந்தாலோ வீட்டுக்காரர் வாரண்டி கேட்பார். அப்போது போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பும் வேலை வீட்டு ஆய்வாளர்களுக்கு உபதொழிலாக வருகிறது. ஏற்கலாமா, வேண்டாமா என்ற யோசனை அவர்களுக்கும் உண்டு.

நம் பக்கத்தில் ஷிங்கிள் கூரை அபூர்வம். ஆனால் அதே இடத்தில் நமக்கு வேறு பொருள்கள் இருக்கின்றன. மொட்டை மாடி ஷெட்டுக்குப் போடும் கலர் கோட்டிங் ஷீட், தளத்துக்கு அடிக்கும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, புதுமாதிரி ஓடுகள் எல்லாமே 5 ஆண்டு, 10 ஆண்டு வாரண்டி என்று சொல்லித்தான் விற்கப்படுகின்றன. கீற்றும் நாட்டு ஓடும் இருந்த காலத்தில் வாரண்டி என்ற பேச்சே இல்லை. ஒழுகினால் கொத்தனாரைக் கூப்பிட்டு ஓட்டை மாற்றினோம். இப்போது வாரண்டிச் சீட்டு வந்துவிட்டதால், போய்ப் பார்த்துச் சொல்லும் ஆளும் தேவைப்படுகிறார். படித்துவிட்டு ஊரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும், சபரிலிருந்து திரும்பியவர்களுக்கும் இது ஒரு வழி.

நம் கரையில் கூரை ஏன் கெடுகிறது?

இதைத் தெரியாமல் யாரும் ஏணியில் ஏறக் கூடாது. பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். 1914ல் திறந்த அந்த ரயில் பாலத்தின் இரும்புக்கு ஆண்டெல்லாம் வர்ணம் பூசிக்கொண்டே இருந்தார்கள். அப்படியும் துரு வென்றது. 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கப்பட்டது. அத்தனை கவனிப்புள்ள இரும்புக்கே இந்த நிலை என்றால், யாரும் திரும்பிப் பார்க்காத நம் வீட்டு ஷீட்டின் கதி என்ன?

கச்சான் காற்றும் வாடைக் காற்றும் கடலின் உப்பைத் தூளாகச் சுமந்து வருகின்றன. ராமேஸ்வரம் தீவு, பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என எந்த ஊரை எடுத்தாலும் கடல் கூப்பிடு தூரத்தில்தான்.

ஷீட்டைப் பொறுத்தவரை, உள்ளே இருப்பது மெல்லிய இரும்புத் தகடு. அதன் மேல் துத்தநாகம் அல்லது அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு இருக்கும். அலுமினியம் 55 சதவீதமும் மீதி பெரும்பாலும் துத்தநாகமும் கொண்ட பூச்சு இன்று பரவலாக உள்ளது. அதற்கும் மேலேதான் நாம் பார்க்கும் கலர் பெயிண்ட். பூச்சின் கனத்தைச் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கணக்கிடுகிறார்கள். கலர் ஒன்றாக இருந்தாலும் அடியிலுள்ள பூச்சின் கனம் குறைந்தால் ஆயுளும் குறையும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பில்லும் ஷீட்டின் அடிப்பக்கத்தில் அச்சிட்ட எழுத்தும்தான் சாட்சி.

துரு பெரும்பாலும் நான்கு இடங்களில் தொடங்கும். முதலாவது, வெட்டிய விளிம்பு. அங்கே இரும்பு வெளியே தெரியும். இரண்டாவது, ஸ்க்ரூ அடித்த இடம். துளை போட்டபோது தெறித்த இரும்புத் துகளைத் துடைக்காமல் விட்டிருந்தால் அது துருப்பிடித்து ஷீட்டையும் கறைப்படுத்தும். மூன்றாவது, ஷீட்டும் ஷீட்டும் ஏறும் இடம். நான்காவது, தாழ்வாரத்தின் அடிப்பக்கம். மேல்பக்கத்து உப்பை மழை கழுவிவிடும். அடிப்பக்கத்தில் மழை படாததால் உப்பு தங்கிவிடும். மேலே பளபளவென்று இருக்கும் ஷீட் அடியில் அரித்துப் போயிருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒழுகல் வேறு, துரு வேறு. பல வீடுகளில் ஷீட் நன்றாக இருக்கும்; ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருக்கும். அல்லது ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கியதில் வாஷர் நசுங்கியிருக்கும். சரிவு போதாமல் தண்ணீர் தேங்கி ஏற்றத்துக்குள் புகுந்திருக்கும். சோலார் வாட்டர் ஹீட்டருக்கோ, டிஷ்ஷுக்கோ பின்னால் யாரோ போட்ட துளையும் இருக்கலாம். மார்கழி விடியலில் ஷீட்டின் அடியில் வியர்ப்பதை ஒழுகல் என்று நினைப்பவர்களும் உண்டு.

தளத்தில் நடப்பது வேறு. உப்பு காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளி, காரையைப் பெயர்த்துத் தலைமேல் போடும். உப்புக் கலந்த மணலும் உவர்த் தண்ணீரும் கொண்டு போட்ட தளத்தில் இது இன்னும் சீக்கிரம் வரும். கடலோரக் கட்டடத்துக்கு எம் 30 தரக் காங்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் வேண்டும் என்று ஐ.எஸ். 456 (2000) எனும் இந்தியத் தர விதி சொல்கிறது. நம் ஊரில் எத்தனை தளங்களில் இது கடைப்பிடிக்கப்பட்டது என்பதைப் பெயர்ந்து கிடக்கும் காரையே சொல்லும். இப்படிப்பட்ட தளத்தின் மேல் எந்தப் பூச்சு அடித்தாலும் நிற்காது. அது பூச்சின் குற்றமும் ஆகாது.

2024 நவம்பர் 20ஆம் தேதி பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதுபோன்ற மழையில் நல்ல கூரையும் ஒழுகலாம். ஆகவே 'ஒழுகியது' என்பதை மட்டும் வைத்துப் பொருள் மட்டம் என்றும் சொல்ல முடியாது, வீட்டுக்காரர் தப்பு என்றும் சொல்ல முடியாது. எந்த இடத்தில், எந்த வழியாக, எதனால் என்று பிரித்துச் சொல்லத்தான் ஆய்வாளர் தேவைப்படுகிறார்.

வாரண்டிச் சீட்டில் என்ன இருக்கும்?

கம்பெனிக்குக் கம்பெனி வாசகம் மாறும். ஆனாலும் பொதுவாக ஐந்து விஷயங்களைத் தேடிப் படிக்க வேண்டும்.

1. கடலிலிருந்து தூரம். கடலுக்கு இத்தனை மீட்டருக்குள் இருந்தால் வாரண்டி இல்லை, அல்லது குறைந்த ஆண்டுகள்தான் என்று பல சீட்டுகளில் இருக்கும். நம் கரையில் மிக முக்கியமான வரி இதுதான். கடையில் இதை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

2. எது கெட்டால் வாரண்டி. கலர் மங்குவது, பெயிண்ட் உரிவது, ஓட்டை விழுவது மூன்றும் தனித்தனி. ஓட்டை விழுந்தால் மட்டுமே வாரண்டி என்றால் துருக்கறைக்கு எதுவும் கிடைக்காது.

3. பொருத்தியவர் யார். பொருளுக்குக் கம்பெனி பொறுப்பு. பொருத்திய வேலைக்குப் பொருத்தியவர் பொறுப்பு. பெரும்பாலான சண்டை இந்த இடத்தில்தான் வரும்.

4. பராமரிப்பு. மழை படாத இடங்களை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும் என்று சிறிய எழுத்தில் இருக்கலாம்.

5. ஆண்டுக்கு ஆண்டு குறையும் கணக்கு. உதாரணத்துக்கு, 60,000 ரூபாய் ஷீட்டுக்கு 10 ஆண்டு வாரண்டி என்று வைப்போம். 6 ஆண்டு முடிந்து கெட்டால், மீதி 4 ஆண்டுக்கு உரிய 24,000 ரூபாய்தான் கணக்கில் வரும். பழையதைக் கழற்றி மாற்றும் கூலி பெரும்பாலும் சேராது.

ஆய்வுக்குப் போகும் தம்பிகள் வீட்டுக்குப் போகும் முன்பே இந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்துவிட வேண்டும். வீட்டிலிருப்பவர்களும் வாங்கும் முன்பே கடைக்காரரிடம், "கடலிலிருந்து என் வீடு இத்தனை மீட்டர். இதற்கு வாரண்டி உண்டா?" என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில்.

பார்ப்பது எப்படி?

முதலில் உயிர். சிமெண்ட் ஷீட் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் எக்காரணம் கொண்டும் மிதிக்கக் கூடாது. பழைய ஷீட் சொல்லாமல் உடையும். ஆள் உள்ளே விழுவார். துருப்பிடித்த தகர ஷீட்டும் அப்படித்தான். ஏணியை நான்கடி உயரத்துக்கு ஓரடி தள்ளி ஊன்றி, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள, விளிம்பிலிருந்தே பாருங்கள். நீளக் கம்பில் செல்போனைக் கட்டிப் படம் எடுக்கலாம். மழை நனைந்த ஓட்டிலும், கச்சான் பலமாக வீசும் நாளிலும் ஏற வேண்டாம். ஒரு வாரண்டிப் படிவத்துக்காகப் பிள்ளைகளை அநாதையாக்க வேண்டியதில்லை. டிரோன் பறக்கவிடலாமே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளமான ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது. 2021 டிரோன் விதிகளின்படி அனுமதி வேண்டிய பகுதிகள் உண்டு. கேட்காமல் பறக்கவிட்டால் வழக்கு வரும்.

இரண்டாவது அதபு. சபராளிகளின் வீடுகளில் பகல் நேரத்தில் பெண்கள் மட்டுமே இருப்பார்கள். முன்கூட்டியே போன் செய்து, வீட்டு ஆண் ஒருவரோ பக்கத்து வீட்டுப் பெரியவரோ இருக்கும் நேரமாகக் கேட்டுப் போங்கள். வீட்டுக்குள் எடுக்கும் படங்களில் ஆட்கள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தைக் கேட்டவருக்குத் தவிர வேறு எவருக்கும் அனுப்பாதீர்கள்.

மூன்றாவது வரிசை. வீட்டை வெளியிலிருந்து முழுதாக ஒரு படம். கூரையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு படம். பிறகு கெட்ட இடத்தை, பக்கத்தில் அளவுநாடா வைத்து, கிட்டத்தில் ஒரு படம். கெடாத இடத்தையும் எடுங்கள். நூறு ஸ்க்ரூவில் எத்தனை துருப்பிடித்தது என்பது, துருப்பிடித்த ஒன்றை மட்டும் எடுத்தால் தெரியாது. உள்ளே கறை விழுந்த இடத்துக்கு நேர் மேலே பார்த்தால் போதாது. தண்ணீர் ஷீட்டின் அடியில் ஓடி, குறுக்குப் பைப்பைத் தொட்ட இடத்தில்தான் சொட்டும். ஆகவே சரிவின் மேல்பக்கம் தேட வேண்டும். தளமாக இருந்தால் வடிகுழாயை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்ப்பது வழக்கம். ஆனால் காரை பெயர்ந்து பலவீனமாகத் தெரியும் தளத்தில் தண்ணீர் கட்டிச் சுமை ஏற்றக் கூடாது.

நான்காவது எழுத்து. கண்டதை எழுதுங்கள். "வடக்குச் சரிவில், தாழ்வாரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் வரை, அடிப்பக்கத்தில் துரு, 3 இடங்களில் ஓட்டை. ஸ்க்ரூக்கள் இறுக்கமாக உள்ளன. வீட்டுக்கும் கடலுக்கும் 250 மீட்டர்" என்று எழுதினால் அது ஆய்வு. "பராமரிப்புக் குறைவு, வாரண்டி செல்லாது" என்று எழுதினால் அது தீர்ப்பு. தீர்ப்புச் சொல்ல உங்களை யாரும் நியமிக்கவில்லை. காரணம் தெரிந்தால், "இதனால் இருக்கலாம்" என்று எதை வைத்துச் சொல்கிறீர்களோ அதையும் சேர்த்து எழுதுங்கள். பார்க்க முடியாத இடத்தைப் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள்.

யார் காசு? யாருக்குப் பொறுப்பு?

தம்பி கேட்ட கேள்வியின் நடு முடிச்சு இதுதான். 1976ல் தொடங்கிய அமெரிக்க வீட்டு ஆய்வாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு வைத்துள்ள ஒழுக்க விதிகளில் மூன்று நமக்கும் பொருந்தும்.

ஒன்று: ஆய்வில் என்ன கண்டுபிடிக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கூலியோ, அடுத்த வேலையோ அமையக் கூடாது.

இரண்டு: அழைத்தவரின் சம்மதமில்லாமல் ஒரே ஆய்வுக்கு இரண்டு பேரிடம் காசு வாங்கக் கூடாது.

மூன்று: ஆய்வு செய்த வீட்டில் ஓராண்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு பழுது பார்க்கும் வேலையைச் செய்யக் கூடாது.

கம்பெனியோ கடையோ காசு கொடுப்பதனால் மட்டும் வேலை தப்பாகிவிடாது. அவர்களுக்கும் உண்மை தெரிய வேண்டும். பொய்யாக வாரண்டி கேட்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். காசு எதற்கு என்பதுதான் கேள்வி. பார்த்ததற்கு என்றால் கூலி. இப்படித்தான் எழுத வேண்டும் என்பதற்கு என்றால் அது லஞ்சம். பெயரை மாற்றினாலும் லஞ்சம்தான். வீட்டுக்காரர் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்து, "கொஞ்சம் பாத்து எழுதுங்க" என்றாலும் அதே கதைதான்.

ஆய்வு அறிக்கை என்பது ஒரு சாட்சி. நமக்கோ நம்மைச் சேர்ந்தவர்களுக்கோ பாதகமாக இருந்தாலும் சாட்சியத்தில் நேர்மை வேண்டும் என்பது மார்க்கம் நமக்குக் கற்பித்த பாடம். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சம்பவம் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். அதுவும் மழையில் நனைந்த சரக்குதான். நனைந்ததற்காக அந்த வியாபாரி கண்டிக்கப்படவில்லை, மறைத்ததற்காகவே கண்டிக்கப்பட்டார்.

இந்தக் கூலி கட்டுமா?

ஆசை காட்டவும் வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போய்வர ஏறத்தாழ 110 கிலோமீட்டர். உதாரணத்துக்கு, வீட்டுக்கு 1,000 ரூபாய் பேசினார்கள் என்று வைப்போம். பைக்குக்குப் பெட்ரோல் 250 ரூபாய், ஏணி பிடிக்கும் உதவியாளுக்கு 300 ரூபாய் போனால் மீதி 450. போய்வர அரை நாள், வீட்டுக்கு வந்து அறிக்கை எழுத இரண்டு மணி நேரம். ஒரு கொத்தனாரின் நாள் கூலிக்குக்கூட இது வராது. ஒரே பக்கம் மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து வந்தால்தான் கட்டும். இதை நம்பிக் கைவேலையை விட்டுவிடாதீர்கள். இருக்கிற தொழிலோடு ஓரமாக வைத்துக்கொள்ளலாம்.

கூலி குறைவாக இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. கட்டாத கூலிக்கு ஒப்புக்கொண்டவர், வீட்டுக்குப் போகாமலே படிவத்தை நிரப்பத் தொடங்குவார். அல்லது 'நானே சரிசெய்து தருகிறேன்' என்று பழுது வேலையில் காசு தேடுவார். ஆகவே போக்குவரத்தைத் தனியாகக் கேளுங்கள். முடிவு எதுவானாலும் இந்தக் கூலி என்று முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொரு எல்லையும் உண்டு. புயல், வெள்ளத்தில் கெட்ட வீட்டுக்குக் காப்பீட்டு இழப்பீடு மதிப்பிடுவது வேறு தொழில். அதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வழங்கும் சர்வேயர் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவர் சர்வேயர் என்று கையெழுத்துப் போடக் கூடாது. ஆர்வமுள்ள பிள்ளைகள் முறையாகப் பயிற்சி பெற்று அந்த உரிமத்துக்கே முயலலாம். காப்பீட்டு சர்வேயரின் அறிக்கையும்கூட இறுதி வார்த்தை அல்ல என்று 2009ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க, கடையிலிருந்து வந்தவர் எழுதிய ஒரு படிவத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வீட்டிலிருப்பவர்கள் செய்ய வேண்டியது

• பில் கேட்டு வாங்குங்கள். வெள்ளைத் தாளில் எழுதிய மதிப்பீடு பில் ஆகாது. பில்லையும் வாரண்டிச் சீட்டையும் அன்றே படம் எடுத்துச் சபரில் இருப்பவருக்கு அனுப்பி வையுங்கள். ஒரிஜினல் காணாமல் போனாலும் படம் இருக்கும்.

• ஷீட் போட்ட அன்று மேலும் கீழும் படம் எடுங்கள். ஷீட்டின் அடியிலுள்ள அச்செழுத்தையும் எடுங்கள். பொருத்தியவரின் பெயரையும் கைபேசி எண்ணையும் பில்லின் பின்புறம் எழுதி வையுங்கள்.

• கோடையில் இரண்டு மூன்று முறையாவது தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நம் பக்கம் குடிதண்ணீர் அருமை என்பது தெரியும். அடிப்பக்கம் கழுவ சில குடங்கள் போதும். உவர்த் தண்ணீர் வேண்டாம்.

• கெட்டால் போனில் மட்டும் சொல்லாதீர்கள். தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். பார்க்க வருபவரிடம் முதலில் கேளுங்கள்: "உங்களுக்குக் காசு யார் தர்றாங்க? அறிக்கையில ஒரு பிரதி எனக்குத் தருவீங்களா?" இரண்டுமே கேட்கக்கூடிய கேள்விகள்தான்.

• ஆய்வு முடியும் முன் மராமத்து செய்யாதீர்கள். மழை கொட்டினால் தார்ப்பாய் போடலாம். அதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள்.

• மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நியாயமில்லை என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் சொல்லலாம். அடுத்தது ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. தேவைப்பட்டால் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

முடிவாக

அந்த உம்மாவின் வீட்டுக்கு, அவர் காசிலேயே வெளியூர் இன்ஜினியர் ஒருவரை அழைத்துப் போனோம். அவர் இரண்டு மணி நேரம் பார்த்தார். ஷீட்டில் குறையில்லை, சாதாரண ஆணிபோன்ற மட்டமான ஸ்க்ரூவை வாஷர் இல்லாமல் அடித்ததில்தான் துருவும் ஒழுகலும் என்று எழுதிக் கொடுத்தார். காசு கொடுத்த உம்மாவுக்கு முதலில் வருத்தம்தான். கம்பெனியிடம் இனி ஒன்றும் கேட்க முடியாதே! ஆனால் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, பொருத்தியவரை ஜமாஅத் பெரியவர்கள் முன்னிலையில் கூப்பிட்டுப் பேச முடிந்தது. அவர் தப்பை ஒப்புக்கொண்டு, ஸ்க்ரூக்களை மாற்றி, அரித்த இரண்டு ஷீட்டுகளையும் தன் செலவில் போட்டுக் கொடுத்தார். உண்மை யாருக்குச் சாதகம் என்று பார்க்காமல் எழுதிய ஒருவரால்தான் இது நடந்தது.

தம்பிக்கு நாங்கள் சொன்னதும் இதுதான். வேலை ஹலாலானது, ஏற்கலாம். ஆனால் மேலே சொன்ன மூன்று விதிகளையும் எழுதி அந்த விற்பனையாளருக்கு அனுப்புங்கள். ஒப்புக்கொண்டால் தொடருங்கள். இல்லையென்றால் அந்தக் காசு நமக்கு வேண்டாம். தம்பி அன்றே அனுப்பினார். பதில் வரவில்லை. மூன்றாவது வீட்டுக்கும் அவர் போகவில்லை. இப்போது வீட்டுக்காரர்களே அழைக்கும் வேலைகளை மட்டும் பார்க்கிறார். வருமானம் முன்பைவிடக் குறைவுதான் என்று அவரே சொல்கிறார்.

அந்தக் குறையை நிரப்புவது நம் கையில்தான் இருக்கிறது. லட்சக்கணக்கில் செலவழித்துக் கூரை போடுகிற நாம், அதைப் பார்த்துச் சொல்லும் நேர்மையான ஒருவருக்குச் சில நூறு ரூபாய் கூலி கொடுக்கத் தயங்குகிறோம். நாம் கொடுக்காத கூலியைக் கடைக்காரர் கொடுக்கிறார். அப்புறம் அறிக்கை அவர் பக்கம் சாய்கிறது. கூலி கொடுக்க வசதியில்லாத வீடுகள் நமது அறக்கட்டளை அலுவலகத்தில் தெரிவித்தால், இன்ஷா அல்லாஹ், இயன்றதைச் செய்கிறோம். இந்த வேலை தெரிந்த பிள்ளைகளும் தங்கள் பெயரைப் பதிவு செய்யலாம்.

நம் வீடுகளையும், அவற்றில் வாழ்பவர்களையும், நம் பிள்ளைகளின் சம்பாத்தியத்தையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.